டீசல் விட்டு நிலக்கரித் தூளை சுத்தம் பண்றது எப்படி

நிலக்கரி மாவு மாதிரி தூளா போயிட்டா அதுல இருக்கிற களிமண்ணையும் கல்லுத்தூளையும் பிரிக்கிறது பெரும்பாடு, கனமானது அடியில தங்கும்ங்கிற கணக்கெல்லாம் அந்த சைஸ்ல சரியா எடுபடாது. ஆனா நல்ல கரியில தண்ணி ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். களிமண்ணு அப்படியே நேர்மாறு. இந்த ஒரு குணத்தை வெச்சுதான் ஆயில் அக்ளாமரேஷனே, அதாவது எண்ணெய் விட்டு கரித்தூளை மட்டும் உருண்டையா ஒட்ட வெச்சு பிரிக்கிறது, நடக்குது, 1920கள்லயே டிரென்ட் முறைன்னு இதை செஞ்சு பாத்திருக்காங்க.

லேப்ல பண்றதுக்கு 50 கிராம் கரியை 75 மைக்ரானுக்குக் கீழ வர்ற மாதிரி அரைச்சுக்கோங்க. நைசா அரைச்சாதான் கரியும் மண்ணும் தனித்தனி துகளா பிரியும், ஒட்டிக்கிட்டே இருந்தா எண்ணெய் ரெண்டையும் சேத்து இழுத்துக்கும். அரை லிட்டர் தண்ணில போட்டு ஸ்டிரர்ல எண்ணெய் இல்லாமலே ஒரு அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, தூள் முழுசா நனையட்டும். அப்புறம் டீசல் ஒரு 6 கிராம், அதாவது கரி எடையில 12 சதவீதம், விட்டுட்டு 1500 ஆர்பிஎம்முக்கு மேல வேகமா அடிங்க. வீட்டு மிக்ஸில தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அந்த மோட்டார்ல பொறி வரும், பக்கத்துல டீசல் ஆவி இருக்கும்.

இப்போ பீக்கரை விட்டு கண்ணை எடுக்காதீங்க. முதல்ல எல்லாம் ஒரே மை மாதிரி கருப்பா சுத்தும், கொஞ்ச நேரத்துல கருப்பு கலைஞ்சு குறுமணல் மாதிரி ஆகும், இடையில இருக்கிற தண்ணி சாம்பல் கலர்ல கலங்கலா தெரியும். எனக்கு இந்த வேலைலயே ரொம்பப் பிடிச்ச நேரம் இதுதான், மண்ணு வெளிய வந்ததை கண்ணாலயே பாக்கலாம். உடனே வேகத்தைக் குறைச்சு மூணு நாலு நிமிஷம் விட்டா உருண்டை பெருசாகி கெட்டிப்படும். 0.5 மில்லிமீட்டர் சல்லடையில ஊத்தி, வழியற தண்ணி தெளியற வரைக்கும் மெதுவா அலசுங்க.

உருண்டையே வரலைன்னா எண்ணெய் பத்தலை, இல்ல கரி ரொம்ப நாள் காத்துல கிடந்து மேல்பரப்பு ஆக்ஸிடைஸ் ஆகியிருக்கும். பழுப்பு நிலக்கரியும் டீசலுக்கு லேசுல மசியாது, அதுக்கு கெட்டியான எண்ணெய் பரவாயில்லை, ஆனா கெட்டி எண்ணெய் மண்ணையும் கொஞ்சம் சேத்து இழுத்துட்டு வரும். அதுக்காக எண்ணெயை அள்ளி ஊத்தாதீங்க, பிசுபிசுன்னு களி மாதிரி ஆயிடும், செலவும் எகிறும். கரியில இருக்கிற பைரைட்டும் (இரும்பும் சல்ஃபரும் சேந்த கனிமம்) ஓரளவு எண்ணெய் பக்கம் சாயற சாமான்தான், அதனால சாம்பல் (கரியை எரிச்சா மிஞ்சற மண்ணுப் பொருள்) குறைஞ்ச அளவுக்கு சல்ஃபர் குறையும்னு எதிர்பாக்காதீங்க, கரியோட மூலக்கூறுலயே இருக்கிற சல்ஃபர் இதுல போகவே போகாது.

கடைசியா எவ்வளவு சுத்தமாச்சுன்னு பாக்கிற சாம்பல் டெஸ்ட், நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். உருண்டையில டீசல் இருக்கறப்பவே எடை போட்டு 815 டிகிரியில எரிச்சா டீசலும் எரிஞ்சு போயிடும், சதவீதம் பொய்யா குறையும். 30 சதவீத சாம்பல் உள்ள 100 கிராம் கரியில 10 கிராம் டீசலை சும்மா கலந்தாலே 27.3ன்னு காட்டும், ஒரு துளி மண்ணு கூட பிரியாமலே! அதனால ஃப்யூம் ஹூட்ல (ஆவியை வெளிய இழுக்கிற லேப் கூண்டு) வெச்சு, டீசலைக் கரைச்சு எடுக்கிற ஹெக்ஸேன்ல கழுவுங்க, நெருப்பு கிட்டயே வரக்கூடாது, அது முழுசா ஆவியாகி கரி காய்ஞ்ச பிறகு எடை போட்டு ஃபர்னஸ்ல வைங்க.