பழைய ஆம்ப்ளிஃபையரின் மின்வழங்கியைப் புதுப்பிக்கும் முறை

பழைய ஆம்ப்ளிஃபையரிலிருந்து விடாமல் உறுமல் கேட்டால், பெட்டியைத் திறப்பதற்கு முன், தொலைக்காட்சிக் கம்பி உட்படப் பின்புறம் செருகியுள்ள அனைத்தையும் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் வைத்துக் கேட்க வேண்டும். உறுமல் நின்றுவிட்டால் கோளாறு பெரும்பாலும் எர்த் இணைப்பில்தான் இருக்கும். அதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் கம்பியைத் துண்டிப்பது உயிருக்கே ஆபத்து. ஒலிக் குமிழைச் சுழியத்தில் வைத்தும் உறுமல் குறையாவிட்டால், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையரிலிருந்து வரும் 100 ஹெர்ட்ஸ் அலையைச் சமன்படுத்தும் பெரிய மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்) சந்தேகிக்கலாம். அவற்றின் அடியில் தெரியும் பழுப்புக் கறை எப்போதும் கசிவு அன்று; தொழிற்சாலையில் இட்ட பசையாகவும் இருக்கலாம். ஆனால் நாள்பட்ட பசை கம்பிகளை அரிக்கும் என்பதால் சுரண்டி எடுப்பதே நல்லது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். 220 ஓம், 5 வாட் மின்தடையைக் காப்பிட்ட பிடியுடன் இரு முனைகளிலும் 15 விநாடி வைத்து, மல்டிமீட்டர் ஒரு வோல்ட்டுக்கும் கீழே காட்டிய பின்னரே கை வைக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நேரடியாக இணைத்து வெடிக்கச் செய்யும் வழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம்.

எதை வாங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மின்தேக்கியின் தேக்குதிறனை, அதாவது மைக்ரோஃபாரட் அளவை, பன்மடங்கு உயர்த்தினால் பாஸ் எனும் தாழ்சுர ஒலி பெருகும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில், சுவிட்சைப் போடும் கணத்தில் பாயும் மின்னோட்டம் கூடி, ரெக்டிஃபையரும் ஃபியூசும்தான் அடி வாங்கும். பழையது 10,000 மைக்ரோஃபாரட் என்றால் அதையே வாங்கலாம். 12,000 வரை போனாலும் பாதகமில்லை. மின்தேக்கி தாங்கும் மின்னழுத்தத்தில் மட்டும் தாராளம் தேவை. மின்மாற்றி 28 வோல்ட் கொடுத்தால் மின்தேக்கியில் ஏறக்குறைய 40 வோல்ட் நிற்கும்; மலேசியாவில் 230 வோல்ட் மின்சாரம் 253 வரை ஏறலாம் என்பதால் அது 44ஐ நெருங்கும். ஆகவே, இடம் கொள்ளுமானால் 50 வோல்ட்டுக்குப் பதிலாக 63 வோல்ட் வகையே பொருத்தம். வெப்பம் 10 பாகை செல்சியஸ் குறைந்தால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நம் ஊர்ப் புழுக்கத்தில், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் இருக்கும் கருவிக்கு 85 பாகை வகையை விட 105 பாகை வகைதான் தாங்கும். கோலாலம்பூரில் ஜாலான் பாசார் கடைகளுக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோனால் உயரம், விட்டம், கால்களின் இடைவெளி ஆகியவற்றை ஒப்பிட்டு வாங்கலாம். நம்ப முடியாத மலிவு விலையில் கிடைப்பதைத் தொடாமல் விடுவது என் வழக்கம்.

பழையதைக் கழற்றுமுன் துருவங்களைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். தலைகீழாகப் பொருத்திய மின்தேக்கி வெடித்துவிடும். சால்டரிங் முடிந்ததும் ஸ்பீக்கரை இணைக்காமல், 60 வாட் இழைக் குண்டுபல்பு ஒன்றை மின்கம்பியில் தொடராக இணைத்து இயக்க வேண்டும், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பெரிய குறுக்குச்சுற்று இல்லை எனக் கொள்ளலாம். தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உடனே அணைத்து இணைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். பிறகு பல்பை நீக்கி நேரடியாக இயக்கி, ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின்னழுத்தத்தை (டி.சி. வோல்ட்) அளக்க வேண்டும். அது 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், காரணம் தெரியும்வரை ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது.