டென்ட் முகாம்: வேலூர்ப் பக்கத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ டென்ட் எடுத்துக்கொண்டு போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த டென்ட் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: எந்தத் தரையில் அடிக்கப் போகிறீர்கள், எந்த மாதத்தில் போகிறீர்கள். டென்ட்டோடு வரும் குறிப்புத் தாளும், வீடியோக்களில் சொல்லப்படும் யோசனைகளும் பெரும்பாலும் குளிர் நாட்டுப் புல்தரைக்கு எழுதப்பட்டவை. நம் பக்கத்தில் தரை என்றால் சரளையும் பாறையும். குளிரைவிட வெக்கையும், சாயங்காலம் திடீரென்று அடிக்கும் இடிமழையும்தான் இங்கே ஆளைப் படுத்தும். விலை உயர்ந்த டென்ட்டைத் தப்பான இடத்தில் அடித்தால் அது ஒரு ராத்திரிகூடத் தாங்காது. சாதாரண டென்ட்டை நல்ல இடத்தில், நல்ல முளை (டென்ட்டைப் பிடித்து நிறுத்தத் தரையில் அடிக்கும் கம்பி) போட்டு அடித்தால் பல வருடம் உழைக்கும்.

முதல் முறை போகிறவர்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரைதான் சரியான காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி தாண்டினால் காடு காய்ந்து தீப் பிடிக்கும் காலம் தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் சமவெளியில் டென்ட்டுக்குள் படுக்கவே முடியாது.

அனுமதி கேட்காமல் அடிப்பது

ஜவ்வாது மலையிலும் அமிர்திப் பக்கத்திலும் காலி இடம் என்று கண்ணில் படுவது பெரும்பாலும் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் போய்த் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. ஆகவே பட்டா நிலத்தில், உரிமையாளரிடம் நேரில் கேட்டுக்கொண்டு தங்குங்கள். அதிலும் ஒரு விலக்கு உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் காட்டை ஒட்டிய மாந்தோப்போ வாழைத்தோட்டமோ கிடைத்தாலும் வேண்டாம். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் இந்தப் பக்கம் இறங்கும். ஜவ்வாது மலையில் கரடி உண்டு. எந்த வழியாக நடமாடுகிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இருட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

கானாற்று மணலில் படுப்பது

தரை மெத்தென்று இருக்கிறது, சமமாக இருக்கிறது, கல் இல்லை. அதனால் கானாற்று மணல்தான் முதலில் கண்ணை இழுக்கும். வருடத்தில் முக்கால்வாசி நாள் அது காய்ந்துதான் கிடக்கும். ஆனால் மேலே மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் வெறிச்சோடி இருக்கும்போதே கீழே வந்து சேரும். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்தச் சத்தம் கேட்டு எழுந்து ஜிப்பைத் திறக்க நேரம் இருக்காது. பாலாறும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் மணலாகக் கிடந்து, 2021 நவம்பரில் கரை புரண்டது. குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆறும் அதே மாதம் ஊருக்குள் புகுந்தது.

ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளுங்கள். தூரம் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். கரையோரப் புதர்களையும் மரக்கிளைகளையும் பாருங்கள். சருகும் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறதோ, அதுவரை தண்ணீர் வந்திருக்கிறது என்று பொருள். அதற்கு மேலேதான் உங்கள் படுக்கை இருக்க வேண்டும்.

தண்ணீருக்குப் பயந்து குன்றின் உச்சிக்கும் போகக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் சாயங்காலம் இடியோடு மழை வரும். மொட்டைப் பாறையின் உச்சியும், ஒற்றைப் புளியமரத்தின் அடியும் அப்போது மிக மோசமான இடங்கள். டென்ட் துணி மின்னலிலிருந்து எந்தப் பாதுகாப்பும் தராது. மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் டென்ட்டை அப்படியே விட்டுவிட்டுக் காருக்குள்ளோ கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பி வர வேண்டும்.

சரிவின் நடுவில், சற்றே மேடான, கிழக்குப் பக்கம் மரமோ பாறையோ மறைக்கும் இடம் கிடைத்தால் அதுதான் சிறந்தது. காலை வெயில் நேராக விழுந்தால் ஏழரை மணிக்கே உள்ளே வெந்துபோகும். தென்னையின் அடியிலும், பட்ட கிளை தொங்கும் மரத்தின் அடியிலும் அடிக்காதீர்கள். விரிப்பதற்கு முன் தரையைத் துடைப்பத்தால் கூட்டுங்கள், பிறகு கையால் தடவிப் பாருங்கள். வேலிகாத்தான் முள் ஒன்று இருந்தாலே தார்ப்பாய், டென்ட் அடித்துணி, காற்று மெத்தை மூன்றையும் துளைத்துவிடும்.

டென்ட்டோடு வந்த முளையை நம்புவது

இந்தப் பக்கத்தில் டென்ட் பறப்பதற்கும் ஒழுகுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்டிக்குள் வரும் முளைகள் 4 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு சாண் நீளம் இருக்கும். ஏலகிரியின் செம்மண் கோடையில் காய்ந்து இறுகியிருக்கும்போது சுத்தியலால் இரண்டு அடி அடித்தாலே அவை வளைந்துவிடும். கல்லால் அடித்தால் இன்னும் சீக்கிரம் வளையும்.

ஹார்டுவேர் கடையில் 8 மில்லிமீட்டர் கம்பி வாங்கி, வெல்டிங் பட்டறையில் 30 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைக் கொக்கிபோல் வளைத்துக் கொள்ளுங்கள். காரில் போகிறவர்கள் 12 எடுத்துச் செல்லலாம். பைக்கில் போனால் 8 போதும். கூடவே ஒரு கிலோ சுத்தியல். தரை மிகவும் இறுகியிருந்தால், அடிக்கும் இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அடியுங்கள்.

முளையை நேராக இறக்காதீர்கள். தலைப்பக்கம் டென்ட்டிலிருந்து வெளியே சாய்ந்திருக்க வேண்டும். கயிறு இழுக்கும் திசைக்கும் முளைக்கும் நடுவே செங்கோணம் வந்தால் பிடிப்பு அதிகம். கொக்கி தரையைத் தொடும்வரை அடித்து இறக்குங்கள். பாதி வெளியே நின்றால் நெம்புகோலாக வேலை செய்து மண்ணைத் தளர்த்திவிடும்.

பாறையாக இருந்தால்? முளை வேண்டாம். முழம் நீளக் குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டித் தரையில் கிடத்துங்கள். கயிறு வெளியே வரும் இடத்துக்கு இருபுறமும், குச்சிக்கு முன்னால் டென்ட் பக்கமாக, பத்துப் பதினைந்து கிலோ கல் இரண்டை வையுங்கள். இழுக்க இழுக்கக் குச்சி கல்லில் போய் முட்டி நிற்கும். ஒரே கல்லில் நேராகக் கட்டினால் கூரிய விளிம்பில் உரசி ராத்திரியில் கயிறு அறுந்துவிடும்.

குடை வடிவ டென்ட் கம்பியிலேயே நிற்பதால் பலர் பக்கவாட்டுக் கயிறுகளைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. இரண்டு தொல்லைகள் வரும். சாமான் வைக்காத டென்ட் ஒரு காற்றுக்கே உருண்டு ஓடும். மழையில் மேல்துணி தளர்ந்து உள்துணியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கும். எல்லாக் கயிறும் கட்டுங்கள், தூங்கும் முன் ஒரு சுற்று வந்து மறுபடி இழுத்து விடுங்கள். நைலான் துணி நனைந்தால் நீளும். கயிற்றில் வெள்ளைத் துணி கட்டி வைத்தால் இருட்டில் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள்.

வாங்கும்போது

"4 பேர் டென்ட்" என்று போட்டிருப்பதில் பெரும்பாலும் அடித்தளம் 210 சென்டிமீட்டர் அகலம். நான்கு பேர் படுத்தால் ஆளுக்கு 52 சென்டிமீட்டர்தான். பைகளுக்கு இடமே இல்லை. போட்டிருக்கும் எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு மூன்று பேர் டென்ட் வாங்குங்கள்.

தூக்கிப் போட்டால் விரியும் ஒற்றைத் துணி டென்ட் பார்க்க ஆசையாக இருக்கும். நம் வெக்கைக்கும் மழைக்கும் அது ஒத்து வராது. உள்ளே வலைத்துணி, மேலே தனியாக மழைத்துணி என்று இரண்டு அடுக்காக இருப்பதை எடுங்கள். மழை இல்லாதபோது மேல்துணியைக் கழற்றி வைத்துக் காற்றாடத் தூங்கலாம். மேல்துணியின் நீர்த்தாங்கும் அளவு (எத்தனை உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்பது) 2000 மில்லிமீட்டரும், அடித்துணி 3000 மில்லிமீட்டரும் இருந்தால் இங்கே பெய்யும் மழைக்குப் போதும். தையல் ஓரங்களில் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஒழுகுவது பெரும்பாலும் தையல் வழியாகத்தான்.

காலையில் உள்பக்கம் ஈரமாக இருந்தால் ஒழுகியது என்று முடிவு கட்டாதீர்கள். நாம் விடும் மூச்சின் ஈரமே குளிர்ந்த துணியில் படிந்து சொட்டும். பனிக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடுவதால் வருவது இது. வலை ஜிப் முழுக்க மூடியிருக்கட்டும், துணி ஜன்னல் எதிரெதிராக இரண்டு பக்கமும் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

புது டென்ட்டை முதலில் மொட்டை மாடியில் விரியுங்கள். முளைக்குப் பதில் தண்ணீர் கேன் கட்டலாம். கால் மணி நேரம் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து பாருங்கள். டென்ட்டைத் தாங்குவது ஃபைபர் கம்பிதான் என்றால், அதைவிடச் சற்றே அகலமான ஒரு சாண் குழாய்த் துண்டும் ஒட்டு டேப்பும் பையில் இருக்க வேண்டும். கம்பி பிளந்தால் அந்த இடத்தில் குழாயைச் செருகிச் சுற்றி ஒட்டினால் அன்றைய ராத்திரி ஓடிவிடும்.

தார்ப்பாய் பெரிதாக விரிப்பது

டென்ட்டுக்கு அடியில் போடும் தார்ப்பாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் விழும் மழை வழிந்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் வந்து தேங்கும். நாலு பக்கமும் டென்ட்டைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் உள்ளடங்கி இருக்கும்படி மடித்துவிடுங்கள்.

படுக்கை

வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர், ஏலகிரி ஆயிரத்துக்கு மேல். ஆகவே கீழே இருப்பதைவிட 5, 6 டிகிரி குறையும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் 15 டிகிரி வாக்கில் இருக்கும். இதற்கு "0 டிகிரி" என்று விற்கும் ஸ்லீப்பிங் பேக் வாங்கினால் வியர்த்து நனைவீர்கள். நல்ல கம்பளிப் போர்வை போதும். ஆனால் கீழே கவனம் வேண்டும், உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். 10 மில்லிமீட்டர் ஃபோம் பாய், அதன்மேல் ஜமுக்காளம். வெறும் காற்று மெத்தையில் உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்துவிடுவதால் முதுகு சில்லிடும்.

டென்ட்டுக்குள் நெருப்பு

குளிருக்கு என்று கரி அடுப்பையோ அணையாத தணலையோ உள்ளே வைப்பது உயிரை வாங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே முடித்துவிடும். கேஸ் அடுப்பும் அப்படித்தான், மழை பெய்தாலும் உள்ளே பற்ற வைக்கக் கூடாது. அடுப்பை 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். சின்னக் கேன் செருகும் பியூட்டேன் அடுப்பில், கேன் இருக்கும் பகுதியின்மேல் நீளும் அளவுக்குப் பெரிய தோசைக்கல்லோ பாத்திரமோ வைக்காதீர்கள். கேன் சூடேறி வெடிக்கும். காற்றுக்கு மறைப்பு கட்டும்போதும் கேன் பக்கம் திறந்தே இருக்க வேண்டும்.

மத்தியானம் வாங்கிய பிரியாணி

போகிற வழியில் ஆம்பூரில் பார்சல் வாங்கி ராத்திரி சாப்பிடலாம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் சமைத்த சோறும் கறியும் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சோற்றில் வளரும் ஒரு கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. பிரியாணியை ஆம்பூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். ராத்திரிக்கு ரவை, சேமியா, அவல், புளிக்காய்ச்சல் மாதிரிக் கெடாத சாமான் எடுத்துக்கொண்டு அங்கேயே சமையுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் 7. சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைக்கக் கூடாது. ஏலகிரிக் குரங்குகள் துணியைக் கிழித்து எடுக்கும், எறும்பு தானாக வரும். காரில் பூட்டி வையுங்கள்.

கடிக்கும் ஜந்துக்கள், அதைவிடச் சின்னவை

கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். கடித்த வலி பல பேருக்குத் தெரிவதே இல்லை. விடியும்போது வயிற்று வலி, இமை சொருகுதல் என்று தொடங்கும். ஆகவே "இரண்டு நிமிஷம்தானே" என்று ஜிப்பைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள். செருப்பு, ஷூவைக் காலையில் உதறிப் போடுங்கள், உள்ளே தேள் இருக்கலாம். பாம்பு கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108க்கு அழைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கிளம்பும் முன்பே பக்கத்து அரசு மருத்துவமனை எது, எங்கே சிக்னல் கிடைக்கும் என்று பார்த்து வைத்திருங்கள்.

இதைவிட அதிகம் கவனிக்கப்படாமல் போவது உண்ணிக்காய்ச்சல். புதரிலும் உயரமான புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் கடியால் வருகிறது. வேலூர் வட்டாரத்தில் இது பழகிய நோய். சிஎம்சி மருத்துவமனை இதைப் பற்றிப் பல காலமாக ஆய்வு செய்து வருகிறது. மழைக்காலத்தின் பின்பகுதியிலும் குளிர்காலத்திலும், அதாவது முகாமுக்கு நல்லது என்று மேலே சொன்ன மாதங்களிலேயே, அதிகம் வரும். வெறும் புல்லில் படுக்காதீர்கள், துணியைப் புதர்மேல் காயப் போடாதீர்கள், முழுக்கை சட்டை போட்டு, பேன்ட்டின் கீழ்முனையை சாக்ஸுக்குள் செருகி, டீட் (DEET) கலந்த பூச்சி விரட்டி தடவுங்கள். திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டிப் பக்கம் சிகரெட் சுட்டது மாதிரிக் கறுப்புத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். தழும்பு இல்லாவிட்டாலும் டாக்டரிடம் "மலையில் டென்ட்டில் தங்கினேன்" என்று கட்டாயம் சொல்லுங்கள். சரியான ஆன்டிபயாடிக்கை நேரத்தோடு தொடங்கினால் சீக்கிரம் குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

ஈரத்தோடு சுருட்டி வைப்பது

காலைப் பனியில் நனைந்த டென்ட்டை அப்படியே பைக்குள் திணித்துக் கார் டிக்கியில் ஒரு வாரம் விட்டால் பூஞ்சை பிடிக்கும். உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும், அதற்கு அப்புறம் அந்த டென்ட் மழை தாங்காது. வீட்டுக்கு வந்ததும் நிழலில் விரித்து முழுக்கக் காய வையுங்கள். கொடும் வெயிலில் காயப் போட்டால் துணி நைந்துபோகும். ஜிப் பற்களில் இருக்கும் செம்மண்ணைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, கொஞ்சம் மெழுகுவத்தியைத் தேய்த்து விடுங்கள். வளைந்த முளைகளை அப்போதே பிரித்து வைத்தால் அடுத்த முறை கிளம்பும்முன் பட்டறைக்குக் கொடுத்து நிமிர்த்திக்கொள்ளலாம்.