சர்வர் போடியில், கம்ப்யூட்டர்கள் குமுளியில்: எங்கெங்கே சறுக்குகிறது?

போடியில் தலைமை அலுவலகம், குமுளியிலும் வண்டன்மேட்டிலும் கிளை என்று ஏலக்காய் வியாபாரம் பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் நிறைய. மேலே ஒரு கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி ஆள் மலையேற வேண்டும். அதனால் எல்லாவற்றையும் ஒரே சர்வரிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் முடிவெடுக்கிறார்கள். நல்ல முடிவு. ஆனால் அமைக்கிற விதத்தில் தவறினால் மலையேறும் வேலை முன்பைவிடக் கூடிவிடும்.

டாலி டேட்டாவை ஒரு கம்ப்யூட்டரில் வைத்து மற்றவர்கள் திறக்கும்படி விட்டிருப்பதை "எங்களிடம் சர்வர் இருக்கிறது" என்பார்கள். அது வெறும் கோப்புப் பகிர்வு. மைய நிர்வாகத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏஜென்ட் என்ற சிறு நிரல் ஓடும். குறிப்பிட்ட இடைவெளியில் அதுவே சர்வரைக் கூப்பிட்டு, செய்ய வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட நிர்வாக மென்பொருளான பப்பெட் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். கம்ப்யூட்டர்களுக்கு அமைப்புகளை அனுப்பும் விண்டோஸின் சொந்த வசதியான குரூப் பாலிசி 90 நிமிடத்துக்கு ஒருமுறை, கூடவே 30 நிமிடம் வரை தாமதித்து. எல்லாம் ஒரே நேரத்தில் சர்வர் மேல் விழக் கூடாது என்பதற்குத்தான் அந்தத் தாமதம். மாற்றம் உடனே தெரியவில்லையே என்று இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைத்துவிடாதீர்கள். மலைக்குப் போகும் மெலிந்த இணைய லைன் அதிலேயே திணறிப்போகும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒரு மாற்றத்தை எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே மூச்சில் அனுப்புவது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. அவற்றில் பல முழுதாகத் துவங்கவே இல்லை. துவங்காத மெஷினில் ஏஜென்ட் எப்படி ஓடும்? உலகம் முழுக்க ஊழியர்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் போய் உட்கார்ந்து கையால் சரிசெய்தார்கள். ஆகவே எந்த மாற்றமும் முதலில் போடியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு மெஷினுக்குப் போகட்டும். மறுநாள் குமுளியில் ஒன்றிரண்டுக்கு. அப்புறம் மற்றவற்றுக்கு. ஏலம் நடக்கிற நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்துவிட்டது. வைரஸ் பரவியது மே மாதத்தில். திருத்தத்தைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

சர்வரின் நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் எவரும் எட்டும்படி திறந்து வைப்பது இன்னொரு ஆபத்து. 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் நிர்வாக மென்பொருளில் இருந்த குறை வழியாகத் தாக்கியவர்கள், அந்த சர்வர்கள் கவனித்துவந்த வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டும் நுழைய விடுங்கள், இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள். பில் போடுவதற்கும் மெயில் பார்ப்பதற்கும் அட்மின் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் படுத்துவது குளோன் சமாச்சாரம். ஒரு மெஷினில் எல்லா மென்பொருளையும் போட்டு, அந்த டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் மாட்டுவார்கள். ஏஜென்ட்டும் அதன் அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாகிவிடும். சர்வர் திரையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் தெரியும். அதன் பெயர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நகலெடுத்து முடித்த பிறகு ஏஜென்ட்டைப் போடுங்கள். விண்டோஸ் என்றால் நகலெடுக்கும் முன், மெஷினின் தனி அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் என்ற கருவியை ஓட்டிவிடுங்கள்.

பழைய மெஷின்களில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். விண்டோஸ் டொமைனில், அதாவது ஒரே சர்வரின் கணக்குகளில் இயங்கும் கம்ப்யூட்டர் குழுவில், உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் ஐந்து நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுக்கும். பப்பெட் போன்றவற்றில் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வரும். நெட்வொர்க் கோளாறு என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். தேவைப்பட்டது ஒரு சின்ன பேட்டரி.

டொமைனில் சேர்ந்த கம்ப்யூட்டரில் டிஎன்எஸ் (பெயரை வைத்து முகவரி தேடித் தரும் சேவை) இடத்தில் கூகுளின் பொது முகவரியான 8.8.8.8 போடாதீர்கள், அது உங்கள் சர்வரின் பெயரை அறியாது.

இடுக்கிப் பக்கத்து இடி மின்னல் எல்லோருக்கும் தெரியும். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் வாங்கிவிட்டு மோடத்தையும் சுவிட்ச்சையும் நேரே பிளக்கில் செருகி வைக்கிறார்கள். அவை நின்றால் சர்வர் ஓடியும் பிரயோஜனமில்லை. கிளைக்கான ஐபி முகவரிகளை அங்கிருக்கும் ரவுட்டரே கொடுக்கட்டும். அப்போதுதான் போடி லைன் அறுந்தாலும் குமுளியில் உள்ளூர் பிரிண்டராவது வேலை செய்யும்.

கடைசியாக, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்பு எண்கள். 2024 கிரவுட்ஸ்ட்ரைக் பழுதின்போது பலர் தவித்தது இதனால்தான்: பூட்டிய டிஸ்க்கைத் திறக்க வேண்டிய எண்கள் இருந்த சர்வரும் சேர்ந்தே விழுந்திருந்தது. ஒரு பிரதி எடுத்து, சர்வருக்கு வெளியே அலுவலகப் பெட்டகத்தில் வையுங்கள். புதுக் கம்ப்யூட்டர் சேரும்போதெல்லாம் அந்தப் பிரதியையும் புதுப்பியுங்கள்.