தீவுக் கதையா? எந்தக் கப்பல் என்று கேளுங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித்தருகிறேன். வெள்ளைக்காரர் எழுதிய தீவுக் கதை பாடத்தில் வந்துவிட்டால் போதும், "எழில் கொஞ்சும் தீவு, ஆனால் கொடிய நோய்கள் நிறைந்தது" என்று கைடில் இருப்பதை அப்படியே எழுதிவைப்பார்கள். கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இதை எழுதும்போதுதான் எனக்குக் கோபம் வரும். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

கையில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் யாராவது படுக்கையில் விழுகிற இடமெல்லாம் ஓரத்தில் "எந்தக் கப்பல்?" என்று எழுதுங்கள். படிக்கிறபோது நோய் அந்த மண்ணிலேயே ஊறிக் கிடந்ததுபோல இருக்கும். மலேரியாவைப் பொறுத்தவரை பல தீவுகளில் அது உண்மைதான், விட்டுவிடலாம். தட்டம்மையும் பெரியம்மையும் இன்ஃப்ளூயன்சாவும் பசிபிக் தீவுகளுக்குக் கப்பலேறிப் போனவை.

பிஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 1874-ல் பிரிட்டிஷார் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். மறு வருஷம் சிட்னிக்குப் போயிருந்த பிஜித் தலைவர் தாக்கோம்பாவை டைடோ என்ற போர்க்கப்பல் திருப்பிக் கொண்டுவந்தது. கூடவே தட்டம்மையும் வந்தது. கப்பலை யாரும் நிறுத்திவைக்கவில்லை. ஏறக்குறைய 40,000 பேர் செத்தார்கள். 1879-ல் கல்கத்தாவிலிருந்து லியோனிடாஸ் வந்தது, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு. அதில் காலராவும் பெரியம்மையும் இருந்தன. அந்தக் கப்பலை மட்டும் தடுத்து, ஆட்களைத் தனித்தீவில் ஒதுக்கிவைத்தார்கள். பாரதி பாடிய பிஜிக் கரும்புத் தோட்டத்தைப் படிக்கும்போது இந்த இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், பாட்டு இன்னும் கனக்கும்.

நோய் எப்படிப் பயணம் போகும் என்று தெரியாதவர்களா பிரிட்டிஷார்? தெரிந்தவர்கள் என்பதற்கு நம் ஊர் ரயில் நிலையமே சாட்சி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குப் போக்குவரத்து வந்தபின், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களை இங்கே பிரிட்டிஷார் கையிலிருந்த இலங்கை அரசு நடத்திய முகாமில் இறக்கி, அம்மை குத்தி, சில நாள் அடைத்துவைத்துப் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். மண்டபம் கேம்ப் என்று பலகையில் இருப்பது அந்த கேம்ப்தான். ஆக, கூலிக்காரர் உடம்பு என்றால் சந்தேகம். கதை எழுதும்போது மட்டும் குற்றம் தீவின் காற்றுக்கு.

எல்லாரும் அப்படி எழுதவில்லை. ஸ்டீவன்சன் தன் வளர்ப்பு மகனோடு சேர்ந்து எழுதி 1894-ல் வந்த 'தி எப்-டைட்' நாவலைப் பிள்ளைகளுக்கு வரிவரியாகக் காட்டுவேன். தீவுலகத்தில் சிதறிக் கிடக்கும் ஐரோப்பியர் நோயைப் பரப்புகிறார்கள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார். பின்பாதியில் ஒரு முத்துத் தீவு வரும். அங்கே ஆளுகிற துரை, தீவிலிருந்த 33 பேரில் 29 பேர் பெரியம்மையில் செத்த கதையைக் கணக்குப்பிள்ளை பேரேடு வாசிக்கிற மாதிரி சொல்வார். அந்த இடத்தில் நிறுத்துங்கள். எண்ணுகிறவர் யார், எண்ணப்படுகிறவர்கள் யார், செத்தவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது என்று தேடுங்கள். மூன்று மதிப்பெண் அங்கேயே கிடைக்கும்.

அழகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள், போதும். பெரும்பாலும் கப்பல் தளத்தில் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் நம் பாம்பன் அருகே இருக்கிற குருசடைத் தீவுப் பக்கமும் வெறும் மணலும் மரமும்தான். வள்ளத்தில் போய் இறங்கினால், பாசி எடுக்கிற பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையைத் தடவித் தடவி, கழுத்தளவுத் தண்ணீரில் மூச்சடக்கி முங்குவதைப் பார்க்கலாம். "ஆளில்லாத தீவு" என்று கதையில் வந்தால் இவர்களைத்தான் நினைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பழகிப் பார்க்க நாவல்கூட வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியை "பேய் நகரம்" என்று சொல்லும் வீடியோ ஒன்றைத் திறங்கள். இடிந்த சர்ச்சை எத்தனை நொடி காட்டுகிறார்கள், பின்னால் கருவாடு காயப்போடுகிற அம்மாவை எத்தனை நொடி காட்டுகிறார்கள் என்று கணக்கெடுங்கள். அவரிடம் யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா என்றும் பாருங்கள்.

பரீட்சையில் எழுதும்போது வருஷமும் கப்பல் பெயரும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். எழில் கடைசியில் வரட்டும், தாளில் இடம் மிச்சமிருந்தால்.