மூளை, முதுகுத்தண்டு கட்டிக்கு ரேடியேஷன் குடுக்குற டாக்டர் ஆகணுமா? மலேசியாவுல எப்படிப் போறது

ஸ்கூல் முடிச்ச பிள்ளைங்களோட அப்பா அம்மா, மெடிசின் முடிச்சிட்டு ஹவுஸ்மேன்ஷிப்ல ஓடிக்கிட்டு இருக்கிற தம்பி தங்கச்சிங்க, எல்லாரும் எங்கிட்ட கேக்குறது இதத்தான்: மூளையில, முதுகுத்தண்டுல வர்ற கட்டிக்கு ரேடியேஷன் குடுக்குற டாக்டர் ஆகணும்னா எந்தப் பக்கம் போறது? நான் கேஎல்ல ஆன்காலஜியில, அதாவது கேன்சர் வைத்தியத்துல, இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன். ஆனா மெஷினப் பாத்து ஆசைப்பட்டு மட்டும் வராதீங்க. ஸ்கேன்ல ஒரு மில்லிமீட்டருக்காக ஒரு மணி நேரம் உக்கார பொறுமை வேணும், அதே பொறுமையோட ஒரு குடும்பத்துகிட்ட உக்காந்து பேசவும் வரணும், இந்த ரெண்டும் பிடிச்சா வாங்க.

நம்ம நாட்டுல பொதுவா ரேடியேஷனுக்குன்னு தனி ஸ்பெஷலிஸ்ட் கிடையாது, பிரிட்டிஷ் முறையில க்ளினிக்கல் ஆன்காலஜிஸ்ட், கீமோவும் அவர்தான் ரேடியேஷனும் அவர்தான். காலையில மார்பகப் புற்றுநோய் ஆண்டிக்கு கீமோ எழுதுவீங்க, மத்தியானம் மூளைக்கட்டிக்கு பிளான் பாப்பீங்க. மூளை முதுகுத்தண்டு மட்டும்னு சுருக்கிக்கிறது ஸ்பெஷலிஸ்ட் ஆனப்புறம், அதுவும் பெரிய சென்டர்ல இருந்தாத்தான் நடக்கும்.

எஸ்பிஎம்ல பயோலஜி, கெமிஸ்ட்ரியோட ஃபிசிக்ஸ விட்டுடாதீங்க. டாக்டருக்கு ஃபிசிக்ஸ் எதுக்குன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, இந்தத் துறையில அது பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு எக்ஸாம் ஹால்ல திரும்ப வந்து நிக்கும். அப்புறம் எஸ்டிபிஎம்மோ மெட்ரிகுலாசியோ ஃபவுண்டேஷனோ, அடுத்து அஞ்சு வருஷம் மெடிசின். வெளிநாட்டுல படிக்கிறதா இருந்தா பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த யூனிவர்சிட்டி மலேசிய மெடிக்கல் கவுன்சில் லிஸ்ட்ல இருக்கான்னு நீங்களே பாருங்க, ஏஜெண்ட் சொன்னார்னு வீட்ட அடமானம் வைக்காதீங்க.

ஹவுஸ்மேன்ஷிப் ரெண்டு வருஷம், நாலு நாலு மாசமா ஆறு போஸ்டிங். தூக்கம் இருக்காது, தெரியும், ஆனா ஒரே ஒரு பழக்கத்த இங்கயே பிடிச்சிக்கணும், முதுகு வலின்னு வர்ற ஆளுக்கு ஏற்கனவே கேன்சர் இருந்திருக்கான்னு கேக்குறது, இருந்திருந்தா கால்ல பலம் எவ்வளவுன்னு தொட்டுப் பாத்து எழுதி வைக்கிறது. ஏன்னு கீழ சொல்றேன்.

அப்புறம் மெடிக்கல் ஆஃபிசரா ஆன்காலஜி டிபார்ட்மெண்ட்டுக்கு மாத்தல் கேளுங்க. கேஎல் ஜெனரல் ஹாஸ்பிட்டல், புத்ராஜெயா கேன்சர் இன்ஸ்டிட்யூட் மாதிரி எடத்துல வேலை பாத்தா துறை உங்களுக்கு ஒத்து வருமான்னு சில மாசத்துலயே தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் ரெண்டு வழி. ஒண்ணு யூனிவர்சிட்டி மலாயாவோட மாஸ்டர்ஸ், நாலு வருஷம். இன்னொண்ணு வேலை பாத்துக்கிட்டே லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸோட எஃப்ஆர்சிஆர் எக்ஸாம் எழுதுறது. ரெண்டுலயும் மொத கட்டம் ஃபிசிக்ஸ், ரேடியோபயாலஜி (கதிர் உடம்போட செல்ல என்ன பண்ணுதுங்குற படிப்பு), ஸ்டாடிஸ்டிக்ஸ், மருந்தியல்னுதான் இருக்கும், நோயாளிய நல்லா பாக்குற டாக்டர்ங்க கூட இங்க தடுக்கி விழுறாங்க, அதனால டிபார்ட்மெண்ட்ல மெஷினோட கதிர் அளவப் பாத்துக்கிற மெடிக்கல் ஃபிசிசிஸ்ட்டோட நட்பு வச்சிக்குங்க, அவங்கள விட நல்ல வாத்தியார் கெடைக்க மாட்டாங்க. பாஸ் பண்ணப்புறம் நேஷனல் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர்ல பேர் பதியணும். கணக்குப் போட்டா ஸ்பெஷலிஸ்ட்டா நிக்கும்போது முப்பது வயசு தாண்டியிருக்கும், இத வீட்டுல இப்பவே பேசிடுங்க.

இப்ப உண்மையான வேலைக்கு வர்றேன். இந்தத் துறையில கத்தி கிடையாது, நம்ம கையில இருக்கிறது கோடுதான். கிளையோபிளாஸ்டோமான்னு ஒரு மூளைக்கட்டி, பெரியவங்களுக்கு வர்றதுல ரொம்ப மோசமானது. ஆபரேஷனுக்கு அப்புறம் பிளாஸ்டிக் மாஸ்க் செஞ்சு, தலை அசையாம சிடி எடுத்து, அதுமேல எம்ஆர்ஐய பொருத்தி, மிச்சக் கட்டியும் ஆபரேஷன் குழியும் எதுன்னு ஒவ்வொரு ஸ்லைஸ்லயும் வரையணும். கண்ணுக்குத் தெரியாம பரவியிருக்கும்னு அதைச் சுத்தி ஒன்றரை ரெண்டு சென்டிமீட்டர் கூட்டி, எலும்பு மாதிரி, கட்டியால தாண்ட முடியாத எடத்துல வெட்டி விட்டுட்டு, அதுக்கு மேல அசைவுக்காக இன்னும் சில மில்லிமீட்டர். வழக்கமான டோஸ் மொத்தம் 60 கிரே (கிரேங்குறது கதிர் அளவு), 30 தடவையா பிரிச்சு, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஆறு வாரம், கூடவே டெமொசோலோமைட்ங்குற கீமோ மாத்திரை. ஆனா பக்கத்துல பார்வை நரம்பு சந்திக்கிற எடமும் மூளைத்தண்டும் இருந்தா அதுக்கெல்லாம் ஏறக்குறைய 54 கிரேக்கு மேல போகக் கூடாது, கட்டி அதோட ஒட்டியிருந்தா எத விட்டுக் குடுக்குறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ரேடியாலஜிஸ்ட் பக்கத்துல உக்காந்து எம்ஆர்ஐ அனாட்டமி கத்துக்குங்கன்னு நான் நச்சரிக்கிறது இதுக்குத்தான்.

இந்த மாத்திரையும் ரேடியேஷனும் சேந்த வைத்தியம் 2005ல வந்த ஆய்வுல இருந்து நடைமுறைக்கு வந்தது. நடுமதிப்பு ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டுற காலம், 12.1 மாசத்துல இருந்து 14.6 மாசம் ஆச்சு, ரெண்டு வருஷம் தாண்டினவங்க நூத்துக்கு பத்து பேர்ல இருந்து இருபத்தாறு பேர் ஆனாங்க. மொத நம்பர மட்டும் பாத்தா இவ்வளவுதானான்னு தோணும், ரெண்டாவதையும் பாருங்க, அந்த இருபத்தாறு பேர் யாரோ ஒருத்தருக்கு அப்பா, அம்மா. வயசானவங்க, உடம்பு தளந்தவங்களுக்கு 40 கிரே 15 தடவைன்னு மூணு வாரத்துலயே முடிக்கலாம், ஒரு பாட்டிய ஆறு வாரம் இழுக்கத் தேவையில்ல.

முதுகுத்தண்டு வேற மாதிரி, அது அவசரம். கேன்சர் முதுகெலும்புக்குப் பரவி உள்ள இருக்கிற தண்டு நரம்ப அமுக்கினா, சிகிச்சை ஆரம்பிக்கும்போது நடக்குறவங்கதான் பெரும்பாலும் பின்னாடியும் நடக்குறாங்க, கால் விழுந்து ரெண்டு நாள் ஆயிட்டா திரும்புறது கஷ்டம். அதனாலதான் ஹவுஸ்மேன் காலத்துலயே கால் பலத்த எழுதச் சொன்னேன். சந்தேகம் வந்ததும் வீக்கத்தக் குறைக்க டெக்ஸாமெத்தசோன்ங்குற ஸ்டீராய்டு, முழு முதுகுக்கும் எம்ஆர்ஐ, அடுத்து சர்ஜனுக்கு ஃபோன். ஆபரேஷனுக்குத் தகுந்தவங்கள வச்சு 2005ல வந்த ஒரு ஆய்வுல, ஆபரேஷனோட ரேடியேஷன் வாங்கினவங்கள்ல 84 சதவீதம் நடந்தாங்க, ரேடியேஷன் மட்டும் வாங்கினவங்கள்ல 57. ஆயுசு கொஞ்சமா இருக்கிற ஆளுக்கு 8 கிரே ஒரே தடவை குடுத்து வீட்டுக்கு அனுப்புறதும் நல்ல வைத்தியம்தான். நரம்பு அமுங்காம வலி மட்டும் இருந்தா துல்லியமா 24 கிரேய ரெண்டே தடவையில குடுக்குற முறை இருக்கு, கனடாவுல செஞ்ச ஆய்வுல மூணு மாசத்துல வலி முழுசா போனவங்க 35 சதவீதம், பழைய முறையில 14. ஆனா நரம்புக்கும் டோஸுக்கும் நடுவுல சில மில்லிமீட்டர்தான், இதைச் செய்யணும்னா ஸ்பெஷலிஸ்ட் ஆனப்புறம் டொரோண்டோ, மும்பை டாடா மெமோரியல் மாதிரி எடத்துல ஃபெலோஷிப் போய்ட்டு வாங்க.

சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற மெடுல்லோபிளாஸ்டோமாங்குற மூளைக்கட்டிக்கு மூளை, முதுகுத்தண்டு முழுசுக்கும் குடுக்கணும், ஆபத்து கம்மியான வகைக்கு 23.4 கிரே, கட்டி இருந்த எடத்துக்கு 54 வரைக்கும். கூட்டுனா படிப்பு, வளர்ச்சி, ஹார்மோன் அடி வாங்கும், குறைச்சா நோய் திரும்பும். இது எல்லாராலயும் தாங்கக்கூடிய வேலை இல்ல, முடியலன்னா பெரியவங்களோட இருங்க, அதுல ஒரு குறையும் இல்ல.

பேச்சப் பத்தியும் சொல்லணும். செந்தூல்ல இருந்து, கிள்ளான்ல இருந்து, வடக்க கெடா எஸ்டேட்ல இருந்து பினாங்குக்கு நம்ம ஆளுங்க வருவாங்க. அம்மாவுக்குச் சொல்லிடாதீங்க டாக்டர்னு மகன் வாசல்லயே மறிப்பான். அவனத் திட்டாம, அம்மா என்ன தெரிஞ்சிக்க விரும்புறாங்கன்னு அவங்களையே கேட்டுட்டு அப்புறம் முடிவெடுங்க. ரேடியேஷன்ல உடம்பு வெந்து போகுமா, பேரப்பிள்ளையத் தூக்கலாமான்னு கேப்பாங்க, தாராளமா தூக்கலாம், வெளியில இருந்து குடுக்குற கதிர் உடம்புல தங்காதுன்னு தமிழ்ல நிதானமா சொல்லணும். முடி கொட்டும், களைப்பு வரும்னும் மறைக்காம சொல்லணும். முப்பது நாள் போய் வர காசு இல்லாம பாதியில நிறுத்துறவங்க இருக்காங்க, அதனால மொத விசிட்லயே மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர்கிட்ட அனுப்புங்க, மக்னாங்குற தேசிய கேன்சர் மன்றத்துக்கு (MAKNA) மனு போட உதவி கெடைக்கும். மலாய், கொஞ்சம் ஹொக்கியென் தெரிஞ்சா பினாங்குல இன்னும் நல்லது.

நீங்க இன்னும் மாணவரா இருந்தா லீவுல ரெண்டு வாரம் அட்டாச்மெண்ட் கேட்டு எழுதுங்க, கேஎல் பக்கம்னா யூனிவர்சிட்டி மலாயா ஹாஸ்பிட்டல், வடக்கன்னா பெர்த்தாம்ல யுஎஸ்எம் இன்ஸ்டிட்யூட், தஞ்சோங் பூங்காவுல மவுண்ட் மிரியம் கேன்சர் ஹாஸ்பிட்டல். லெட்டர்ல மார்க்க விட எதப் பாக்க விரும்புறீங்கன்னு எழுதுங்க: ஒரு மாஸ்க் செய்யறது, ஒரு பிளானிங், நியூரோசர்ஜனும் ஆன்காலஜிஸ்ட்டும் ஒண்ணா உக்காந்து கேஸ் பேசுற ஒரு மீட்டிங். மூணுல அந்த மீட்டிங்கத் தவற விடாதீங்க, எந்தக் கட்டிய யார் தொடணும், யார் தொடக் கூடாதுன்னு அங்கதான் முடிவாகுது.