கம்பெனியை விட்டு நிற்பவர்கள் செய்யும் தவறுகள்

தீபாவளி போனஸ் கைக்கு வந்த அடுத்த வாரம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பல மெஷின்கள் ஆளில்லாமல் கிடக்கும். சிலர் ஊருக்குப் போனவர்கள் போனவர்கள்தான். சிலர் பீஸுக்குப் பத்துப் பைசா கூடக் கிடைக்கிற இடத்துக்கு மாறியிருப்பார்கள். குறை சொல்ல மாட்டேன். ஒன்றரை ஷிப்ட், சூப்பர்வைசரின் வாய், பல்லடத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவது, இதற்கெல்லாம்தான் நானும் மூன்று கம்பெனி மாறினேன். இப்போது ஆபீஸில் உட்கார்ந்து, சேர வருகிறவர்களின் காகிதங்களை வாங்கி வைக்கிறேன். நான் செய்த அதே கோளாறைச் செய்துவிட்டு வந்து நிற்கிறார்கள்.

சொல்லாமல் நிற்பது

தப்பென்று எல்லோருக்கும் தெரியும். விடுங்கள்.

பென்சனையும் சேர்த்துத் துடைத்து எடுப்பது

போன மாதம் காங்கயத்துப் பையன் ஒருவன் ஓவர்லாக் டைலராகச் சேர வந்தான்.

"பழைய பி.எஃப். என்னாச்சு கண்ணு?"

"எடுத்துட்டனுங்ணா. வண்டிக்கு முன்பணம் கட்டினேன்."

"பென்சனுமா?"

"ஜெராக்ஸ் கடைக்காரர் ரெண்டு பாரமும் போட்டுக் குடுத்தாருங்க."

பென்சனைப் பணமாகக் கேட்கிற அந்த ரெண்டாவது பாரம், 10சி, அதுதான் வினை. பி.எஃப்.புக்கு முதலாளி போடுவது சம்பளத்தில் 12 விழுக்காடு, அதில் 8.33 விழுக்காடு பென்சன் கணக்குக்குப் போகிறது, அதிகபட்சம் மாதம் 1,250 ரூபாய். அங்கே தொகையைவிட வருடக் கணக்குதான் பெரிது. மொத்தம் 10 வருடம் சேர்ந்தால் 58 வயதில் மாதப் பென்சன். எத்தனை கம்பெனி மாறினாலும், கணக்கையும் கூடவே மாற்றிக்கொண்டு வந்தால் வருடங்கள் கூடிக்கொண்டே போகும். 10சி பாரம் போட்டுப் பணமாக வாங்கினீர்களோ, அதுவரை உழைத்த வருடங்கள் போச்சு. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

நான் முதல் கம்பெனியில் நான்கு வருடம், அடுத்ததில் மூன்று. இரண்டு முறையும் எடுத்தேன். ஒருமுறை தங்கச்சி கல்யாணத்துக்கு, அதுகூடச் சரி. இன்னொரு முறை கலர் டி.வி. வாங்க! அந்தப் பெட்டி இப்போது அக்கா வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது, மேலே கோழி ஏறிப் படுக்கிறது. என் ஏழு வருடம் அது. அன்றைக்கு ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

நிஜமாகவே அவசரமென்றால் பி.எஃப். பங்கை மட்டும் எடுங்கள். பென்சனுக்கு அதே 10சி பாரத்தில் பணம் கேட்காமல் ஸ்கீம் சர்டிபிகேட், அதாவது அதுவரை உழைத்த வருடங்களுக்கான சான்று, கேட்கலாம். வருடங்கள் அப்படியே நிற்கும். ஜெராக்ஸ் கடையில் இதைக் கேட்டால் முழிப்பார்கள், நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

புது யூ.ஏ.என். கேட்பது

யூ.ஏ.என். என்பது எல்லா பி.எஃப். கணக்குக்கும் பொதுவான நம்பர். 2014 முதல் ஆளுக்கு ஒன்றுதான். பழையதையே கொடுங்கள்.

இனிஷியல்

ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், கம்பெனிச் சீட்டில் வெறும் 'எம்.' என்றிருக்கும். கணக்கை மாற்றும்போது அங்கேதான் முட்டும். சேரும் நாளிலேயே ஆதாரில் உள்ளபடி எழுத வையுங்கள்.

நான்கரை வருடத்தில் கோபித்துக்கொள்வது

செக்கிங்கில் இருந்த ஓர் அக்கா டீ நேரத்துச் சண்டையில் பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஐந்து வருடம் முடிந்திருந்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆலும் வருடத்தாலும் பெருக்குங்கள். ஐந்து வருடத்துக்கு 43,000 ரூபாய்க்கு மேல் வரும். ஒரு டீக்கு அவ்வளவு விலை.

ஈ.எஸ்.ஐ. கார்டைத் தூக்கிப் போடுவது

மருத்துவக் காப்பீட்டுக்கான கார்டு அது, போடாதீர்கள். அடுத்த கம்பெனியிலும் அதே நம்பர்தான்.