பாட்டியை வரைய உட்காரும் முன்

வீட்டுப் பெரியவர் ஒருவரை வரைய ஆசைப்படுகிறீர்களா? பென்சிலைச் சீவுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தப் படம் எதற்கு, யார் பார்ப்பதற்கு? முகம் அச்சு அசலாக வந்தால் போதும் என்றால் அதற்குக் கையில் போன் இருக்கிறது.

எங்கள் பாட்டி இறந்த அன்று, பூமாலை போட ஒரு படம் இல்லை. பழைய கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தவரின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பின்னால் நீலம் அடித்துக் கொண்டுவந்தார்கள். சந்தனப் பொட்டும் சீரியல் பல்புமாக அதுதான் இன்றும் சுவரில் இருக்கிறது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர். பாட்டி என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் கைதான், படத்தில் கையே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஆள் எதிரில் இருக்கும்போதே வரையுங்கள்.

சரி, முதல் வேலை வரைவது இல்லை, பார்ப்பது. ஒரு நாள் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே இருக்கும் ராஜா ராணி, கவர்னர் ஓவியங்களின் முன்னால் நில்லுங்கள். ஒரு படத்தின் முகத்தை மட்டும் உங்கள் கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் பாருங்கள். உடை, நிற்கிற தோரணை, கை வைத்திருக்கிற இடம் எல்லாமே பதவியைத்தான் சொல்லும். அவை வரையப்பட்டதே அதற்குத்தான். திரும்பும் வழியில் தீவுத்திடல் பக்கம், வெள்ளைக்காரர் காலத்தில் கவர்னராக இருந்த மன்றோவின் சிலையையும் பாருங்கள். சான்ட்ரி என்ற ஆங்கிலச் சிற்பி செய்து 1839-இல் வைத்தது. கீழிருந்து பார்த்தால் முகம் சரியாகப் பிடிபடாது, அண்ணாந்து பார்க்க வைப்பதுதான் அந்த உயரத்தின் வேலை.

முடிந்தால் இன்னொரு நாள் மாமல்லபுரம். இன்றும் பூசை நடக்கும் ஆதிவராகர் குகைக் கோயிலில் இரண்டு பல்லவ அரசர்கள் தங்கள் ராணிகளோடு சிற்பமாக இருக்கிறார்கள், ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் நிற்கிறார். முகத்தை வைத்து இவர் இன்னார் என்று நம்மால் சொல்ல முடியாது, மேலே வெட்டியிருக்கும் பெயர்தான் சொல்கிறது. சாடையைப் பிடிப்பது அங்கே நோக்கமாகத் தெரியவில்லை, சாமிக்குப் பக்கத்தில் என்றென்றைக்கும் இருப்பதுதான் நோக்கம் என்று எனக்குத் தோன்றும். இதற்கு நேர் எதிர் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட். சுமார் நாற்பது வருடம் தன்னையே திரும்பத் திரும்ப வரைந்தார், 1669-இல் அவர் இறந்த வருடம் வரைந்த படங்களில் தொங்கிப்போன கன்னத்தையும் தடித்த மூக்கையும் கொஞ்சம்கூட மறைக்கவில்லை. யாருக்கும் பெரிய ஆளாகத் தெரிய வேண்டிய அவசியம் அந்தப் படங்களில் இல்லை.

உங்கள் பாட்டி படம் இதில் எந்தப் பக்கம் என்று யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பட்டுப்புடவை கட்டச் சொல்லி நேராக உட்கார வைத்தால் அது கூடத்துச் சுவருக்கான படம், அதிலும் தப்பில்லை. எனக்கு வேண்டியது இன்னொன்று.

காலை வெயில் ஏறும் முன் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், வெளிச்சம் ஒரே பக்கம் விழுந்தால்தான் சுருக்கங்களுக்கு ஆழம் வரும். கையில் வேலை கொடுங்கள், பூ கட்டட்டும், முருங்கைக்கீரை ஆயட்டும், ஏனென்றால் சும்மா இருக்கச் சொன்னால் முகம் போட்டோவுக்கு நிற்கிற முகமாக இறுகிவிடும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், சிரிக்க மட்டும் சொல்லாதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க விடுங்கள், முதுகு வலிக்கும்.

வரையும்போது எல்லோரும் செய்யும் தப்பு, கண்ணை மேலே கொண்டுபோய் வைப்பது. உச்சந்தலைக்கும் தாடைக்கும் நடுவில்தான் கண் இருக்கிறது, ஸ்கேலால் அளந்து பாருங்கள். வயதானவர்களுக்குக் காது நீளமாகவும் உதடு மெல்லியதாகவும் தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று இளமையாக்கினால் படத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் கை. முகத்துக்குச் செலவழித்த நேரத்தில் பாதியாவது கைக்குக் கொடுங்கள், மூட்டு வீக்கம், தேய்ந்த வளையல், நகக்கண்ணில் ஏறிய கறை எல்லாம் வரட்டும்.

முடித்ததும் முதலில் அவரிடம் காட்டுங்கள். “நான் இவ்வளவு கிழவியா?” என்று கேட்டால் உடனே ரப்பரை எடுக்காதீர்கள், எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். சில சமயம் நாம் வரைந்தது நிஜமாகவே தப்பாக இருக்கும். கடைசியாகத் தாளின் பின்பக்கம் பெயர், ஊர், தேதி, அன்று அவர் என்ன பூ கட்டிக்கொண்டிருந்தார் என்பது வரை எழுதி வையுங்கள்.